அழிப்பதற்கென்றே எழுதும் கணக்கு

2024 நவம்பர் 24, ஞாயிறு. இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸில், டைபுரோன் கோல்ஃப் மைதானத்தில் பதினேழாவது குழி. தாய்லாந்தின் ஜீனோ தித்திகுல் ஈகிள் அடிக்கிறார். பதினெட்டில் பர்டி. அதுவரை முன்னிலையில் இருந்த ஏஞ்சல் யின் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றுப்போகிறார். வீட்டில் எல்லாரும் தூக்கம் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன். 40 லட்சம் டாலர் பரிசு. பெண்கள் கோல்ஃப் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய காசோலை கிடைத்ததில்லை.

அப்புறம் இன்னொரு கோப்பையும் கொடுத்தார்கள். 'ரேஸ் டு தி சி.எம்.இ. குளோப்' என்ற ஆண்டு முழுதுக்குமான புள்ளிப் பந்தயத்தின் கோப்பை. அதாவது அந்த சீசனின் சாம்பியன் ஜீனோ.

அப்போதுதான் உறைத்தது. சீசன் சாம்பியனா? அந்த சீசனை நானும்தானே பார்த்தேன்!

அந்த ஆண்டு நெல்லி கோர்டா ஏழு போட்டிகளை வென்றார். அதில் ஐந்து அவர் ஆடிய ஐந்து போட்டிகளில் தொடர்ச்சியாக வந்தவை. அந்த ஐந்தில் கடைசி செவ்ரான் சாம்பியன்ஷிப், அது ஒரு மேஜர். இப்படித் தொடர்ந்து ஐந்து வென்றவர்கள் அதற்கு முன் எல்.பி.ஜி.ஏ. வரலாற்றிலேயே இரண்டு பேர்தான். 1978-இல் நான்சி லோபஸ், 2004-05-இல் அன்னிகா சோரன்ஸ்டாம். நெல்லிக்கு நடுவில் சரிவும் இருந்தது. அமெரிக்க ஓபனில் ஒரே குழியில் பத்து அடி அடித்து முதல் நாளே 80 எடுத்தார். நாய் கடித்து ஒரு போட்டியிலிருந்து விலகினார். கழுத்து வலியால் ஆசியப் பயணம் போயிற்று. திரும்பி வந்து நவம்பரில் ஏழாவது கோப்பையையும் எடுத்தார். ஜீனோவோ கட்டைவிரல் காயத்தால் அந்த ஆண்டைத் தாமதமாகத் தொடங்கியவர். நேப்பிள்ஸுக்கு முன்னால் அவருடைய ஒரே வெற்றி டவ் சாம்பியன்ஷிப். அது இரண்டு பேர் சேர்ந்து ஆடும் போட்டி, யின் ருவோனிங்கோடு ஜோடியாக வென்றது.

நான் ஜீனோவுக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கடைசி இரண்டு குழிகளில் ஆடியது போல ஆட பத்துப் பேரால் முடியாது. அந்த 40 லட்சத்தில் ஒரு டாலரைக்கூடக் குறைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. என் சண்டை அந்த இரண்டாவது கோப்பையோடு. அதன்மேல் எழுதியிருக்கும் 'ரேஸ்' என்ற சொல்லோடு.

கோல்ஃபுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். இந்தியாவில் நிறைய பேருக்கு இருக்கும் அதே சம்பந்தம்தான். 2021 ஆகஸ்ட் 7 அதிகாலை, டோக்கியோ ஒலிம்பிக். பெங்களூருவின் அதிதி அசோக் பதக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, போகி என்றால் என்ன, பர்டி என்றால் என்ன என்று தேடிக்கொண்டே பார்த்தோம். அதிதி நான்காவதாக வந்தார், ஒரு அடியில் பதக்கம் போயிற்று. அன்று தங்கம் வாங்கியவர் இதே நெல்லி. அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் எறிந்ததும் நாடு கோல்ஃபை மறந்துவிட்டது. எனக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் விளையாட்டைவிட அதன் கணக்குகள். டேட்டாபேஸோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு ஒரு பட்டியலைக் காட்டிவிட்டால் போதும்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எல்.பி.ஜி.ஏ. சுற்றில் ஒரு சாதாரணப் போட்டியை வென்றால் 500 புள்ளி. மேஜர் என்றால் 650. இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு நாளில் மோசமாக ஆடி 'கட்' தாண்டாமல் வீட்டுக்குப் போனால் ஒன்றும் கிடையாது. ஜனவரி இறுதியில் தொடங்கி நவம்பர் வரை, ஃப்ளோரிடா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிரான்ஸ், ஸ்காட்லாந்து, கொரியா, ஜப்பான் என்று சுற்றிச் சுற்றி இந்தப் புள்ளிகளைச் சேர்க்கிறார்கள். ரொம்ப காலம் சம்பாத்தியப் பட்டியல்தான் இந்த வேலையைச் செய்தது. யார் எவ்வளவு பணம் எடுத்தார்களோ அதுவே அவர்களின் வரிசை. ஒரு போட்டியில் பரிசு அதிகம், இன்னொன்றில் குறைவு என்பதால் பணத்தை அளவுகோலாக வைப்பது கோணலாக இருந்தது. அதற்குப் புள்ளி எவ்வளவோ மேல். இதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். நவம்பரில் கடைசிக்கு முந்தைய போட்டி, அன்னிகாவின் பெயரில், பெல்லேரில் உள்ள பெலிகன் கிளப்பில் நடக்கும். அந்த வாரம் கோப்பைக்காக ஆடுகிறவர்களைவிட வரிசை எண்ணுக்காக ஆடுகிறவர்கள்தான் அதிகம். முதல் 60 பேர் நேப்பிள்ஸுக்குப் போவார்கள். முதல் 80 பேருக்கு அடுத்த ஆண்டுக்கான முழு ஆட்ட உரிமை. அதற்குக் கீழே என்றால் அழைப்பு வரிசையில் பின்னால்தான் இடம், இன்னும் கீழே என்றால் மறுபடி தகுதிச்சுற்று. 79-க்கும் 82-க்கும் நடுவே இருப்பது ஏப்ரலில் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறவிட்ட ஓர் அடியாக இருக்கலாம். இந்த வீராங்கனைகள் பலர் கேடிக்குச் சம்பளம், விமானம், ஓட்டல் எல்லாம் தங்கள் கையிலிருந்து போட்டு ஆடுகிறவர்கள். கட் தாண்டாத வாரம் அவர்களுக்குக் கைநஷ்டம். அவர்களுக்கு இந்தப் பட்டியல் சட்டப் புத்தகம் மாதிரி. ஒரு புள்ளியைக்கூட யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமையை நவம்பர் வரை ஞாபகம் வைத்திருக்கும்.

இப்போது அதே பட்டியலின் மேற்பகுதிக்கு வாருங்கள். முதல் 60 பேர் நேப்பிள்ஸ் வாசலைத் தாண்டிய நிமிடம் எல்லாப் புள்ளியும் காற்றில் போயிற்று. முதலிடத்தில் வந்தவரும் அறுபதாவதாகத் தட்டுத்தடுமாறி வந்தவரும் வியாழக்கிழமை காலை சமம். நான்கு நாள் ஆட்டத்தில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவரே போட்டியின் வெற்றியாளர், அவரே 'ஆண்டு முழுதுக்குமான பந்தயத்தின்' வெற்றியாளர். அப்படியானால் எதற்கு இரண்டு பெயர்? எதற்கு இரண்டு கோப்பை? பத்து மாதம் வாரத்துக்கு வாரம் ஒளிபரப்பில் அந்தப் பட்டியலைக் காட்டிக் காட்டி, இவர் முதலிடத்துக்கு ஏறிவிட்டார், அவர் மூன்றாவதுக்கு இறங்கிவிட்டார் என்று பேசினீர்களே, அது என்ன பேச்சு?

நம் ஊர் ஐ.பி.எல்.-ஐ எல்லாரும் திட்டுவோம், காசு, கவர்ச்சி என்று. அதுகூட பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறது. முதல் பிளே-ஆஃபில் தோற்றாலும் இன்னொரு ஆட்டம் உண்டு. இரண்டு மாத லீக் ஆட்டத்துக்குக் கிடைக்கும் கூலி அது. பத்து மாதம் ஓடும் எல்.பி.ஜி.ஏ. பந்தயத்தில் முதலிடத்துக்கு அந்தக் கூலிகூட இல்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பந்தயம் தொடங்கியது 2014-இல். அப்போது கடைசிப் போட்டிக்கு முன்னால் புள்ளிகளைச் சுருக்கி மாற்றி எழுதுவார்கள். முன்னால் இருப்பவருக்குச் சலுகை குறையும், ஆனால் முழுசாகப் போகாது. முதல் மூவரில் யார் கடைசிப் போட்டியை வென்றாலும் பந்தயமும் அவருக்கே. மற்றவர்கள் வென்றால் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். பந்தயத்துக்குத் தனியாக 10 லட்சம் டாலர். முதல் ஆண்டில் 17 வயது லிடியா கோ, ஹூலியெட்டா கிரனாதாவோடும் கார்லோட்டா சிகாண்டாவோடும் பிளே-ஆஃப் ஆடி வென்று இரண்டையும் சேர்த்து 15 லட்சம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு போட்டியை கிறிஸ்டி கெர் வென்றார், பந்தயம் மறுபடி லிடியாவுக்கு. 2016-இல் போட்டி ஷார்லி ஹல்லுக்கு, பந்தயம் அரியா ஜுதானுகார்னுக்கு.

2017-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லெக்ஸி தாம்ப்சனுக்கு அது விநோதமான ஆண்டு. ஏப்ரலில் ஏ.என்.ஏ. மேஜரின் கடைசி நாள், முன்னிலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவர் வந்து நான்கு அடி தண்டனை என்கிறார். முந்தின நாள் பந்தை எடுத்துத் திரும்ப வைத்தபோது இடம் கொஞ்சம் மாறிவிட்டதாம். டி.வி.யில் பார்த்த யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இடம் மாறியதற்கு இரண்டு அடி, தவறான கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு அடி. அழுதுகொண்டே ஆடி பிளே-ஆஃப் வரை போய் ரியூ சோ-யோனிடம் தோற்றார். அதே ஆண்டில் அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. இதற்கெல்லாம் நடுவில் வாராவாரம் மேலே மேலே வந்துகொண்டிருந்தார். நவம்பரில் நேப்பிள்ஸ், கடைசி நாள், கடைசிக் குழி. இரண்டு அடி தூரத்தில் பந்து. நானும் நீங்களும்கூடக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிவிடுவோம். லெக்ஸி தவறவிட்டார். பின்னால் வந்த அரியா கடைசி இரண்டு குழியிலும் பர்டி எடுத்து ஓர் அடியில் வென்றார். ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது லெக்ஸியின் கையைவிட்டுப் போய், பாக் சுங்-ஹ்யுனும் ரியூவும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆனால் பந்தயம் லெக்ஸிக்குத்தான். அந்த 10 லட்சம் டாலரை யாராலும் பறிக்க முடியவில்லை. ஜனவரியிலிருந்து சேர்த்தது அது. இரண்டு அடி தூரத்துப் பந்து அன்றைய கோப்பையைக் கெடுத்தது, ஆண்டைக் கெடுக்கவில்லை. இன்றைய விதிப்படி என்றால் அந்த ஓர் உருட்டலோடு எல்லாமே போயிருக்கும். புள்ளிப் பந்தயம் என்று ஒன்றை எதற்காக வைக்கிறார்கள் என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த ஒரு சாயங்காலத்தைத்தான் காட்டுவேன்.

2019-இல் இதைத் தூக்கிவிட்டார்கள். காரணம் சொன்னார்கள்: பார்க்கிறவர்களுக்குக் குழப்பம், இனி எளிமை, அறுபது பேருக்கும் சம வாய்ப்பு. முதல் பரிசு 15 லட்சம், பிறகு 20, பிறகு 40. அதன்பின் 2025 வரை ஏழு முறை இந்தப் பந்தயம் முடிந்திருக்கிறது. அதே ஆண்டுகளில் 'ஆண்டின் சிறந்த வீராங்கனை' விருது யாருக்குப் போனது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த விருதுக்கும் புள்ளிதான், ஆனால் அதை யாரும் அழிப்பதில்லை. முதல் பத்து இடத்துக்குள் முடித்தால் புள்ளி, வென்றால் 30, மேஜர் என்றால் இரட்டிப்பு. 2021-இல் கோ ஜின்-யங், 2022-இல் லிடியா கோ, 2025-இல் ஜீனோ: மூன்று ஆண்டுகள் இரண்டும் ஒரே ஆளுக்குப் போயின. மற்ற நான்கிலும் வேறு வேறு. 2019-இல் இரண்டு மேஜர் உட்பட நான்கு வென்ற கோ ஜின்-யங்குக்கு விருது, கிம் செய்-யங்குக்குப் பந்தயம். 2023-இல் இரண்டு மேஜரோடு நான்கு போட்டி வென்ற லிலியா வூவுக்கு விருது, அந்த ஆண்டு அதுவரை ஒன்றும் வெல்லாத ஏமி யாங்குக்குப் பந்தயம். 2024 கதையைச் சொல்லிவிட்டேன்.

2020-தான் எனக்குப் பிடித்தது. கொரோனா ஆண்டு. கோ ஜின்-யங் பெரும்பாலும் கொரியாவிலேயே இருந்துவிட்டார், அதில் தப்பே இல்லை. நவம்பரில்தான் அமெரிக்கா வந்தார். மொத்தமே நான்கு எல்.பி.ஜி.ஏ. போட்டிகள். நான்காவது நேப்பிள்ஸ். அதை வென்றார், 11 லட்சம் டாலர். ஆண்டு முழுதுக்குமான பந்தயத்தின் சாம்பியன். நான்கு போட்டி ஆடியவர்! சம்பாத்தியப் பட்டியலிலும் அவரே முதலிடம். அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று விருது வாங்கிய கிம் செய்-யங் அதே நேப்பிள்ஸில் இரண்டாவதாக வந்தார்.

பழைய முறையும் ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை. 2014-18 ஐந்து ஆண்டில் மூன்றுதான் பொருந்தியது. 2014-இல் சிறந்த வீராங்கனை ஸ்டேசி லூயிஸ். விருதும் பந்தயமும் எப்போதும் ஒரே கையில் விழ வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு விதமாக எண்ணினால் வேறு விடை வரும், அது சகஜம். எண்ணாமலேயே விடை வருவதுதான் பிரச்சினை. 2025-இல் ஜீனோ இரண்டாம் முறை வென்றபோது அவரே உலகின் முதல் வீராங்கனை, அவரே சிறந்த வீராங்கனை, சராசரி அடிக்கான வேர் கோப்பையும் அவருக்கே. பார்த்தாயா, முறை சரியாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு நண்பன் மெசேஜ் அனுப்பினான். நாங்கள் இருவரும் ஒரே தொழில். உள்ளீட்டையே படிக்காத ஒரு ஃபங்ஷன் ஒரு டெஸ்ட் கேஸில் தற்செயலாகச் சரியான விடை கொடுத்தால் அதை புரொடக்‌ஷனுக்கு அனுப்புவாயா என்று கேட்டேன். அவன் அனுப்பியிருக்கிறானாம். அது தனிக் கதை.

எதிர்வாதங்களில் கனமானது பணம். பெண்கள் கோல்ஃபில் பணம் குறைவு. ஆண்களின் ஃபெடெக்ஸ் கோப்பையில் 2024-இல் முதல் பரிசு இரண்டரைக் கோடி டாலர். அதன் பக்கத்தில் 40 லட்சம் சில்லறை. அந்தச் சில்லறையாவது செய்தித்தாளில் வர வேண்டும் என்றால் ஒரு பெரிய எண் வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், கடைசிக் குழி வரை யாருக்கு என்று தெரியாத பதற்றம் வேண்டும். விளம்பரதாரர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார். இதை நான் கேலி செய்யப்போவதில்லை. 1950-இல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்பான்சரைத் தேடுவது அவர்களின் பாதி வேலை. பணம் வரட்டும். இன்னும் வரட்டும். கடைசிப் போட்டிக்கே 40 லட்சம் கொடுங்கள், 80 கொடுங்கள். அதைக் 'கடைசிப் போட்டி' என்று சொல்லிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? அதே மைதானம், அதே பதற்றம், அதே காசோலை. குறையப்போவது அந்த இரண்டாவது கோப்பை மட்டும்தான்.

அந்த ஒரே காசோலையின் எடையையும் பார்க்க வேண்டும். 2024-இல் ஜீனோவின் சம்பாத்தியம் 60 லட்சத்தைத் தாண்டி, லொரேனா ஒச்சோவா 2007-இல் வைத்த சாதனையை 17 ஆண்டு கழித்து உடைத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு நாளில் வந்தது. ஏழு கோப்பை எடுத்தவர் அவருக்கு வெகு கீழே. ஒச்சோவா தன் சாதனையை எட்டு போட்டி வென்று வைத்தார்.

ஆண்களின் சுற்றும் இதே குட்டையில்தான் ஊறுகிறது. 2018-இல் டைகர் உட்ஸ் கடைசிப் போட்டியை வென்ற அதே நாளில் ஃபெடெக்ஸ் கோப்பை ஜஸ்டின் ரோஸுக்குப் போனது. யாரைப் பார்த்துக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் முழித்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து முதலிடத்தில் இருப்பவர் பாருக்குப் பத்து அடி குறைவான கணக்கோடு தொடங்கலாம் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2025-இல் அதையும் தூக்கிவிட்டு எல்லாரும் சமம் என்றார்கள். உடனே அந்த ஆண்டே டாமி ஃப்ளீட்வுட் வென்றார். அதற்கு முன் அவர் பி.ஜி.ஏ. சுற்றில் ஒரு போட்டிகூட வென்றதில்லை. நல்ல மனிதர், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆண்டு அதற்குள் ஐந்து வென்றிருந்த ஸ்காட்டி ஷெஃப்ளரின் சீசனுக்குப் பெயர் என்ன?

'விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும்தானே' என்பார்கள். தெரியும். இதற்கு நான் தர்க்கத்தால் பதில் சொல்ல முடியாது, நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு புள்ளிப் பலகை இருந்தது. எங்கள் தளத்தின் நடுவில் பெரிய டி.வி. திரை. மூடிய டிக்கெட்டுக்கு இவ்வளவு, இரவு ஆன்-காலுக்கு இவ்வளவு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் இவ்வளவு என்று ஆண்டு முழுக்க ஏறும். டிசம்பரில் முதல் பத்துப் பேரை ஒரு குழுவின் முன் நிறுத்துவார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்கு 'ஆண்டின் சிறந்த பொறியாளர்' விருதும் போனஸும். புள்ளி அந்த அறைக்குள் வராது. நான் ஒன்பதாவது இடம். எங்கள் டீமில் இருந்த அக்கா முதலிடம், பக்கத்தில் யாரும் இல்லாத முதலிடம். இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பதினொன்றுக்கு லாகின் செய்வார். தீபாவளி அன்று சர்வர் விழுந்தபோது எடுத்தது அவர்தான். நான் அந்தக் கடைசி மாதத்தில் ஒரு பளபளப்பான டெமோ செய்தேன். விருது எனக்கு.

பணத்தை வாங்கிக்கொண்டேன், பைக் கடனை அடைத்தேன். ஒரு வாரம் கழித்து கேன்டீனில் அவரிடம் தயங்கித் தயங்கி ஸாரி கேட்டேன்.

"எதுக்குப்பா ஸாரி எல்லாம்? நீ நல்லாத்தான் பேசினே. எனக்கு அப்படிப் பேச வராது," என்றார். "ஆனா ஒண்ணு தம்பி. அந்த டி.வி.யைக் கழட்டிடச் சொல்லு. வருஷம் பூரா அதைப் பாத்துப் பாத்துத்தான் நான் ஏமாந்தேன்."

விதி அவருக்கும் தெரியும். மெயிலில் வந்ததுதான். ஆனால் பத்து மாதம் தினமும் ஒரு திரையில் உன் பெயர் முதலாவதாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்தால், அது எதற்கோ கணக்காகிறது என்று மனசு நம்பத்தான் செய்யும். அதற்காகத்தானே காட்டுகிறார்கள். அடுத்த மார்ச்சில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பலகை இருந்தது.

எல்.பி.ஜி.ஏ.வுக்கே இந்தப் பந்தயத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அவர்களின் 'ஹால் ஆஃப் ஃபேம்' உலகிலேயே கடினமானவற்றில் ஒன்று. 27 புள்ளி வேண்டும். ஒரு போட்டி வென்றால் 1, மேஜர் 2, சிறந்த வீராங்கனை விருதுக்கு 1, வேர் கோப்பைக்கு 1, ஒலிம்பிக் தங்கத்துக்கு 1. லிடியா கோ 2024 பாரிஸ் தங்கத்தில்தான் 27-ஐத் தொட்டார். அவர் மூன்று முறை ரேஸ் வென்றவர், 2014, 2015, 2022. அந்தப் பட்டத்துக்காக அவருக்குக் கிடைத்த புள்ளி சுழியம். 2014-இலும் 2022-இலும் கடைசிப் போட்டியை வென்றதற்குத் தலா ஒன்று உண்டு, ஆண்டுப் பந்தயத்தை வென்றதற்கு ஒன்றும் இல்லை. தங்கள் வரலாற்றை எழுதும்போது அவர்களே இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்பான்சரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சி.எம்.இ. என்பது சிகாகோவின் பிரம்மாண்டமான ஃபியூச்சர்ஸ் சந்தை. எஃப் அண்ட் ஓ-வில் கையைச் சுட்டுக்கொண்ட நண்பர்கள் எல்லாருக்கும் ஒன்றிருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். ஃபியூச்சர்ஸில் லாபமோ நஷ்டமோ கடைசி நாள் வரை காத்திருக்காது. அன்றன்று சாயங்காலம் விலையைப் பார்த்து அன்றன்றே கணக்குத் தீர்த்து, காசை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள். அந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. பத்து மாதத்தை விட்டுவிட்டு கடைசி நான்கு நாளை மட்டும் பார்ப்போம் என்று யாராவது அந்தச் சந்தையில் போய்ச் சொன்னால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள்.

சரியாகச் செய்யவே முடியாதா என்றால், ஐரோப்பாவில் செய்கிறார்கள். பெண்களின் ஐரோப்பியச் சுற்றில் 'ரேஸ் டு கோஸ்டா டெல் சோல்' என்று ஒன்று இருந்தது. ஆண்டு முழுக்கக் கூட்டு, கடைசியில் யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. அவ்வளவுதான். பணம் குறைவு, டி.வி. குறைவு, சில ஆண்டுகளில் கடைசி வாரத்துக்கு முன்பே முடிவு தெரிந்து சப்பென்று போய்விடும். இருக்கட்டும். 2021-இல் அதை வென்றது 18 வயதுப் பெண் ஒருத்தி. பதினான்கு வயதிலேயே அந்தச் சுற்றில் ஒரு போட்டியை வென்றவள். அந்த ஆண்டு வாராவாரம் சேர்த்துச் சேர்த்து, ஒரு புள்ளியும் யாரும் அழிக்காமல், புதுமுக விருதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். பெயர் அத்தயா தித்திகுல். வீட்டில் ஜீனோ என்று கூப்பிடுவார்களாம்.

எனக்கு வேண்டியது சின்னது. நேப்பிள்ஸ் பரிசை யாரும் தொட வேண்டாம். பெலிகன் முடிந்த ஞாயிறு இரவு பட்டியலில் முதலிடத்தில் யார் இருக்கிறாரோ, அந்த உலக உருண்டைக் கோப்பையை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கூடவே பழைய 10 லட்சத்தையும். 80-ஆவது இடத்தில் இருப்பவருக்கு அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள், முதலாவது இடத்தில் இருப்பவருக்கு மட்டும் ஏன் வாய்தா? அது முடியாது என்றால் அந்தத் திரையையாவது கழற்றுங்கள்.

வரும் நவம்பரிலும் நான் தூங்கப்போவதில்லை. நேப்பிள்ஸுக்கு முந்தின வாரமே உட்கார்ந்துவிடுவேன், பட்டியலை 76-இலிருந்து 84 வரை திறந்துவைத்துக்கொண்டு.